ஒரு அவுன்ஸ் டானிக்

வைத்தீஸ்வரன் குடிக்கிறவர் அல்ல. டானிக் சாப்பிடுகிறவர். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அவரைப்போல அறிந்தவர்கள் அன்றைய பெங்களூரில் அதிகம் பேர் இருந்திருக்க மாட்டார்கள். அவர் எக்ஸைஸ் ஆபீசில் ஹெட் கிளார்க். சாராயமோ கள்ளோ பிராந்தியோ, ஊரில் எவன் எதை விற்பதானாலும் காகிதம் அவர் மேஜையைத் தாண்டித்தான் போகவேண்டும். சாயங்காலம் வீடு திரும்பியதும் நேரே கிணற்றடிக்குப் போய்த் தலைக்குக் குளிப்பார். பகலெல்லாம் தொட்டது வெறும் காகிதம்தான். ஆனால் அந்தக் காகிதத்தில் எழுதியிருப்பது என்ன என்று யோசிக்க வேண்டாமா?

அவருக்கு வயிறு ஒரு தகராறு. சாப்பிட்டதும் மேலே எழும்பும், இல்லாவிட்டால் கீழே இறங்காமல் நிற்கும். ஃப்ரேசர் டவுன் டாக்டர் ஒருவர், இரண்டு வேளையும் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு அவுன்ஸ் என்று எழுதிக் கொடுத்தார். காம்பவுண்டர் இளங்கோவன் கருஞ்சிவப்பாக ஒன்றை மருந்து பாட்டிலில் ஊற்றி, பல் பல்லாக வெட்டிய காகிதத்தை அளவுக்காக ஒட்டித் தந்தான். வைத்தீஸ்வரன் அதை அவுன்ஸ் கிளாஸில் ஊற்றி, கண்ணை மூடி, அண்ணாந்து, உதட்டில் படாமல் விட்டுக்கொள்வார். பிறகு முகத்தைச் சுளிப்பார். மருந்து என்றால் சுளிக்கவேண்டுமே.

அது என்ன மருந்து என்று அவர் மனைவி பாகீரதிக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. அவர் மூடியைத் திறந்தபோது அவள் அடுக்களையில் இலை எடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுச் சரக்கு. சந்தேகமே இல்லை.

ஜீவனஹள்ளியை ஒட்டிக் காக்ஸ் டவுன் முடிகிற தெருவில் அவர்கள் குடியிருந்தார்கள். மல்லேஸ்வரத்தில் வீடு இல்லாமல் இல்லை. அந்த வீட்டில் வைத்தீஸ்வரனின் அண்ணா இருந்தார். பக்கத்து வீட்டு வாசலில் ‘லாசரஸ் அண்ட் சன்ஸ், ஒயின்’ என்று பலகை தொங்கும். லாசரஸ் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். ‘சன்ஸ்’ என்று பன்மையில் எவரும் இல்லை; டொமினிக் ஒருவர்தான். அவரும் அவர் மனைவி கேத்தரினும் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, திராட்சையைப் பிழிந்து, புளிக்க வைத்து, பீப்பாயில் அடைத்து விற்றுவந்தார்கள். மாதா கோயில் பூசைக்கென்று தனியாக ஒன்று. மற்றபடி அவர்களுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது வருஷத்துக்கு ஒருமுறை, கிறிஸ்துமஸுக்கு முன்னால், மூன்று பீப்பாய்களைக் கலந்து டொமினிக் உண்டாக்கும் சிவப்பு ஒயின். ஒரு பீப்பாயில் பெங்களூர் நீலத் திராட்சை. அது வாசனையால் தெருவைக் கூட்டும், நாக்கில் நிற்காது. இன்னொன்றில் ஓசூர் ரோடு பக்கத்துத் தோட்டத்திலிருந்து வரும் கறுப்புத் திராட்சை, ஒரே துவர்ப்பு. மூன்றாவதில் போன வருஷத்துக் கையிருப்பு. முதல் இரண்டுக்கும் நடுவில் புகுந்து சண்டையை விலக்க. எது எவ்வளவு என்பது ஒவ்வொரு வருஷமும் மாறும். டொமினிக்கின் மூக்கு சொல்வதுதான் கணக்கு.

பாகீரதியின் மூக்கும் லேசுப்பட்டதல்ல. அவள் சமைக்கும்போது ருசி பார்ப்பதில்லை. ஸ்வாமிக்குக் காட்டுவதற்கு முன் நாக்கில் வைத்தால் எச்சில். உப்பு போதுமா, புளி அடங்கிவிட்டதா என்பதெல்லாம் கொதிக்கும்போது எழும் ஆவியிலேயே தெரியவேண்டும். முகர்ந்தாலும் தோஷம்தான் என்று அவள் மாமியார் சொல்வாள். ஆனால் மூச்சு விடாமல் சமைக்க மாமியாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

இத்தனை வருஷமும் மூக்காலேயே சமைத்துப் போட்டதைச் சாப்பிட்டுவிட்டு வைத்தீஸ்வரன் ஒன்றும் சொன்னதில்லை. நன்றாக இருந்தாலும் சொல்ல மாட்டார், இல்லாவிட்டாலும் சொல்ல மாட்டார். இலையை மடித்துவிட்டு எழுந்து போவார். பிள்ளை பிறந்த வருஷம், ஒரே ஒரு தடவை, வெந்தயக் குழம்பு சாதம் வாயில் இருக்கும்போது ‘அடடா’ என்றார். பாகீரதி கரண்டியோடு நின்றுவிட்டாள். குடையை ஆபீசிலேயே வைத்துவிட்டு வந்தது அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்திருந்தது.

அந்த ஒரு வார்த்தை தனக்கு எதற்கு என்று அவள் மத்தியானங்களில் யோசித்துப் பார்த்திருக்கிறாள். பிள்ளை கிண்டியில் இன்ஜினீயரிங் படிக்கிறான், வீட்டில் குறை ஒன்றும் இல்லை, அவர் கை நீட்டுகிறவரும் இல்லை. பசி என்றால் சாப்பிட்டால் தீரும். இது பல்லிடுக்கில் மாட்டிக்கொண்ட கறிவேப்பிலை நரம்பு மாதிரி. ஒன்றும் கெட்டுப்போகாது, ஆனால் நாக்கு திரும்பத் திரும்ப அங்கேயே போகும். வெட்கமாகக்கூட இருந்தது. ‘நன்னாருக்கு’ என்று ஒரு ஆள் சொல்லவேண்டும் என்று காத்திருப்பவளை அவளே வேறொரு வீட்டில் பார்த்திருந்தால் சிரித்திருப்பாள்.

ஐம்பத்தேழில் ஊரையே படுக்கப் போட்ட ஃப்ளூ வந்தது. டொமினிக் பத்து நாள் பிதற்றிவிட்டு எழுந்தார். எழுந்தவர் நன்றாகத்தான் இருந்தார். நவம்பர் கடைசியில் ஒரு நாள் காலை, தெருவே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தபோது, அவர் மட்டும் கொட்டகை வாசலில் நின்று நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, “ஆஹா! இந்த வருஷம் திராட்சை என்னமா புளிச்சிருக்குது!” என்றார்.

பாகீரதி மதிலுக்கு இந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அவளால் பொறுக்க முடியவில்லை. டொமினிக் உள்ளே போகும்வரை காத்திருந்துவிட்டு, “கேத்தரின்! கொட்டகையில இடது பக்கம், கடைசிப் பீப்பாய்க்கு அடியில பாருங்கோ. பெருச்சாளி செத்துக் கிடக்கு” என்றாள்.

கேத்தரின் போய்ப் பார்த்தாள். முறத்தில் எடுத்துக்கொண்டு வந்தாள், வாலைத் தூக்கிக் காட்டினாள். பிறகு முறத்தைக் கீழே வைத்துவிட்டு மதிலில் சாய்ந்தாள்.

“ஐயரம்மா, எங்க வீட்டுக்காரருக்கு மூக்குப் போயிடுச்சு.”

“உங்களுக்காவது தெரிய வேண்டாமா? பக்கத்துலேயே நிக்கறேளே!”

“எனக்கு ஏது மூக்கு?” கேத்தரின் இடுப்பிலிருந்து பொடி டப்பியை எடுத்துத் தட்டினாள். “இதுக்கே சரியாப் போச்சு. இருபது வருசமா இதைத்தானே அடைச்சு வெச்சிருக்கேன். நாக்கு மட்டும்தான் வேலை செய்யுது. ஜுரத்துக்கு அப்புறம் பால் தீயுது, இவரு பக்கத்துல உக்காந்து பேப்பர் படிக்கிறாரு. கேட்டா, எனக்குத் தெரியும், வேணும்னுதான் விட்டேன்றாரு. அடுத்த வாரம் மூணு பீப்பாயும் கலக்கணும். இந்த ஆளு கலந்தா பெருச்சாளியையும் சேர்த்துக் கலந்துடுவாரு. கிறிஸ்துமஸுக்கு ஒரு வருசம் கெட்டுச்சுன்னா போதும்மா, கன்டோன்மென்ட்ல ஒருத்தன் வாசப்படி ஏற மாட்டான். இது ஒண்ணுதானே எங்களுக்குச் சோறு?”

“போன வருஷத்து மணம் எப்படி இருந்ததுன்னு நினைவு வெச்சிண்டு கலக்க வேண்டியதுதானே?”

“யாருக்கு நினைவு இருக்குது?”

“எனக்கு இருக்கு” என்றாள் பாகீரதி. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. கேத்தரின் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். மடிசார், வைரத்தோடு, நெற்றியில் குங்குமம்.

“உனக்கு எப்படிம்மா இருக்குது?”

‘நீங்க’ போய் ‘நீ’ வந்துவிட்டதை பாகீரதி கவனித்தாள். “எங்காத்துல ஒரு பாட்டில் இருக்கு. டானிக்” என்றாள்.

கேத்தரின் சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு மூக்குப்பொடியில் மாட்டித் தும்மலாகி, தும்மல் மறுபடி சிரிப்பானது. “எக்ஸைஸ் ஐயரா? குளிச்சுட்டுக் குடிப்பாரா, குடிச்சுட்டுக் குளிப்பாரா?”

“ரெண்டும்” என்றாள் பாகீரதி.

மறுநாளே போனாள். பரிதாபப்பட்டுப் போவதாகத் தன்னிடமே சொல்லிக்கொண்டாள். அக்கம்பக்கத்தில் ஒரு குடும்பம் நொடித்துப்போவதைப் பார்த்துக்கொண்டிருக்கலாமா? ஆனால் பின்கதவைத் தாண்டும்போது அவள் கால்கள் போன வேகம் பரிதாபத்தின் வேகமாக இல்லை. தன்னிடம் ஒருத்தி ஒன்றைக் கேட்டிருக்கிறாள். சமைத்துப் போடு என்று கேட்பது வேறு. உனக்குத்தான் தெரியும், வந்து சொல் என்று யார் கேட்டார்கள் இதுவரை?

கேத்தரின் டொமினிக்குக்கு மத்தியானம் ஆட்டுக்கறிக் குழம்பும் நெய்ச்சோறும் போட்டுத் தூங்க வைத்திருந்தாள். கொட்டகைக்குள் வெயில் தகரத்தின் ஓட்டைகள் வழியே காசு காசாக விழுந்தது. மூன்று கிண்ணங்களில் மூன்று பீப்பாய்ச் சாறு. பாகீரதி ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தாள். மணம் வந்தது. ஆனால் போர்வைக்கு அடியிலிருந்து பேசுவதுபோல வந்தது. ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு புரிந்தது. பச்சையாக, ஆறிப்போய் இருப்பதை முகர்ந்து அவள் எப்போது அளவு பார்த்திருக்கிறாள்?

“அடுப்பு மூட்டுங்கோ. கொதிச்சாத்தான் எனக்குத் தெரியும்.”

“ஒயினையா கொதிக்க வைப்பாங்க?”

“ரசம் கொதிக்காம உப்பு தெரியுமோ?”

கேத்தரினுக்கு ரசத்தைப் பற்றி வாதாடத் தைரியம் வரவில்லை. கரி அடுப்பை மூட்டி, ஈயம் பூசிய பாத்திரத்தில் நீலத் திராட்சையை ஊற்றினாள். அது நுரைத்து எழும்பியதும் பாகீரதி முந்தானையைத் தலைமேல் போட்டுக்கொண்டு ஆவிக்கு மேலே குனிந்தாள், ஜலதோஷத்துக்கு வேது பிடிப்பதுபோல. இப்போது எல்லாம் தெளிவாகக் கேட்டது. இது போதாது, அதில் ஒரு ஆழாக்கு விடவேண்டும். இன்னும் கொஞ்சம். பழசு ஒரு கை. மறுபடி குனிந்தாள். மறுபடியும்.

ஒரு சொட்டுக்கூட அவள் வாயில் படவில்லை. இருந்தாலும் சிறிது நேரத்தில் அந்தத் தகரக் கொட்டகை மிகவும் அழகான இடமாகத் தெரிந்தது. கேத்தரின் தங்கமான மனுஷி என்று தோன்றியது. அதைச் சொல்லவும் செய்தாள். தன் மாமியார் ஒரு தடவை படியில் வழுக்கி விழுந்ததைச் சொன்னாள். அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று தெரியாமலே கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

“ஐயோ மாதாவே! ஐயரம்மா மூக்காலேயே ஏத்திக்கிச்சு!” என்று கேத்தரின் வந்து அவளைத் தூக்கி, வாசலில் காற்று படும்படி கவிழ்த்த கூடைமேல் உட்கார வைத்தாள்.

அந்தக் கலவையை ஆற வைத்து, கேத்தரின் ஒரு வாய் குடித்தாள். முகம் நாலாகக் கோணியது.

“எப்படி இருக்கு?” பாகீரதியின் குரலில் பெருமை வழிந்தது.

“கசாயம்.”

“என்ன?”

“கசாயம்மா. புளிச்ச கசாயம். சேசு தண்ணியை ஒயினா மாத்தின கானாவூர்க் கல்யாணத்துல இதை ஊத்தியிருந்தா, சாமி, மறுபடியும் தண்ணியாவே மாத்திக் குடுத்துடுங்கன்னு எல்லாரும் சேசு காலுல விழுந்திருப்பாங்க.”

பாகீரதி எழுந்து வீட்டுக்கு வந்தாள். டிசம்பர் குளிரில் கிணற்றடியில் தலையோடு தண்ணீர் விட்டுக்கொண்டாள். கொதித்ததில் எந்த மணம் மேலே வந்ததோ அது ஆவியோடு பறந்துவிட்டது, கலவைக்குள் இல்லை. அவ்வளவுதான் நடந்தது என்று மூன்றாவது செம்பில் விளங்கியது. தப்பு விளங்கியதும் கோபம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. வேறு ஏதோ ஒன்று, கூச்சமும் சந்தோஷமும் கலந்த மாதிரி ஒன்று, உள்ளே குறுகுறுத்தது. துடைத்துக்கொள்ளாமல் நின்றபடியே அதைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். தான் செய்த ஒன்றை ஒருத்தி வாயில் வைத்து, முகத்தைக் கோணி, ‘நன்றாக இல்லை’ என்று சொல்லியிருக்கிறாள். இந்த வார்த்தையையும்தான் யாரும் அவளிடம் சொன்னதில்லை. திட்டு வாங்கியவளுக்கு இருக்கிற கௌரவம் இலையை மடிக்கிறவரின் பெண்டாட்டிக்குக் கிடையாது.

“என்ன, ரெண்டு வேளை ஸ்நானம்?” என்றார் அன்று ஆபீசிலிருந்து வந்த வைத்தீஸ்வரன், ஈரத் தலையைப் பார்த்து. “பக்தி ஜாஸ்தியாயிடுத்தோ?”

“மார்கழி வரதே” என்றாள் பாகீரதி.

மறுநாள் அவள் திரும்பவும் வந்து நின்றதைக் கேத்தரின் எதிர்பார்க்கவில்லை. “கோச்சுக்கலையா நீ?”

“அடுப்பு வேண்டாம். பச்சையாவே பார்க்கறேன். நான் மூக்கு, நீ நாக்கு. நான் சொல்றதை நீ குடிச்சுப் பாரு. கசாயம்னா கசாயம்னு சொல்லு.”

அவளும் ‘நீ’க்கு வந்துவிட்டாள்.

அப்படி நாலைந்து மத்தியானங்கள் போயின. ஆறிய சாற்றை முகர்வது புதுப் பாஷை படிப்பதுபோல இருந்தது. உள்ளங்கையில் ஊற்றித் தேய்த்து, கையின் சூட்டில் எழும் மணத்தைப் பிடிக்கலாம் என்று ஒரு நாள் கண்டுபிடித்தாள். கேத்தரின் ஒவ்வொரு கிண்ணமாகக் குடித்துத் தீர்ப்புச் சொன்னாள். தீர்ப்புகளில் ஒன்றிலும் மரியாதை இல்லை. ‘மூட்டைப்பூச்சி மருந்து.’ ‘பரவால்ல, ஆனா செத்தவங்க வீட்டுக்குத்தான் குடுக்கலாம்.’ ‘இது என் நாத்தனார் மாதிரி, முதல்ல இனிக்குது, அப்புறம் இருக்குது பாரு!’ சாயங்காலம் ஆகும்போது தீர்ப்பு கொஞ்சம் குழறவும் செய்யும்.

கடைசியில் இரண்டு கிண்ணங்கள் மிஞ்சின. பாகீரதியின் மூக்குக்கு இடது பக்கத்தது. கேத்தரினின் நாக்குக்கு வலது பக்கத்தது.

“இதுலதான் போன வருஷத்து மணம் இருக்கு.”

“மணம் இருந்து என்ன? தொண்டையில நிக்கலையே. வலதுதான்.”

“இடது.”

“நான் குடிச்சுட்டுச் சொல்றேன். நீ எட்டி நின்னு சொல்றே. சும்னே வம்பு பண்ணாதே ஐயரம்மா. வாயில வெச்சுப் பாத்துட்டுப் பேசு.”

சரியான வார்த்தை. பாகீரதி இடது கிண்ணத்தைப் பார்த்தாள். அதில் ஒரு திராட்சைத் தோல் மிதந்துகொண்டிருந்தது. பயந்தது குடிக்கிறோமே என்பதற்கல்ல என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. எவருக்கும் முன்னால் நான் ருசி பார்ப்பதா என்பதுதான் கையைப் பிடித்தது. ஸ்வாமி, பிறகு அவர், பிறகு பிள்ளை, பிறகு ஆறிப்போன மிச்சத்தில் தான். இந்த வரிசையில் ஒரு தடவையும் அவள் முதலில் நின்றதில்லை.

விரலை விட்டாள். நக்கினாள்.

வானம் இடியவில்லை. சொர்க்கமும் திறக்கவில்லை. தெருவில் ஒரு பால்காரன் மாட்டைக் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டு போனான். நாக்கின் நுனியில் ஒரு இனிப்பு, பக்கங்களில் ஒரு சுருக்கு, அப்புறம் கேத்தரின் சொன்னது சரிதான், தொண்டைக்கு வருவதற்குள் ஆள் காணாமல் போய்விட்டது. வலது கிண்ணத்திலும் விரலை விட்டாள். அது தொண்டையில் நின்றது. ஆனால் மணம் ஊமை. இரண்டு விரல்களையும் மாற்றி மாற்றிச் சப்பினாள், குழந்தை மாதிரி, யாரைப் பற்றியும் நினைவில்லாமல்.

“ரெண்டையும் சேர்” என்றாள். “இதுல பாதி, அதுல பாதி. பழசு மட்டும் ஒரு கை குறைச்சு.”

கேத்தரின் சேர்த்துக் குடித்தாள். இந்தத் தடவை தீர்ப்பு வரவில்லை. கிண்ணத்தைக் காலி செய்துவிட்டுப் புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, “எவ்ளோ தேவிடியாத்தனமா இருக்குது தெரியுமா!” என்றாள்.

அது பாராட்டு என்று புரிந்துகொள்ள பாகீரதிக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் காது நுனிவரை சிவந்தாள்.

டொமினிக்கைச் சமாளிப்பது சுலபமாக இருந்தது. “ஜுரத்துல படுத்திருந்தப்பவே இந்த வருசக் கணக்கைச் சொன்னீங்களே, மறந்துட்டீங்களா?” என்று கேத்தரின் அளவுகளை ஒப்பித்தாள். டொமினிக் ஒரு கணம் விழித்தார். பிறகு, “மறப்பேனா? நீ கரெக்டா ஞாபகம் வெச்சிருக்கியான்னு பாத்தேன்” என்றார். மூன்று பீப்பாய்களையும் அவரே நின்று, அவரே முகர்ந்து, “ஆஹா” சொல்லிச் சொல்லிக் கலந்தார்.

கிறிஸ்துமஸ் வந்தது. அந்த வருஷத்துச் சிவப்பு ஒயினைப் பற்றிக் காக்ஸ் டவுனில் பேச்சாக இருந்தது. ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து காரில் வந்தார்கள். கோயில் சாமியார் சைக்கிளில் வந்து இரண்டு பாட்டில்களை அங்கிக்குள் வைத்துக்கொண்டு, “டொமினிக், உன் அப்பன் லாசரஸே எழுந்து வந்து கலந்தாப்பல இருக்குப்பா” என்றார். டொமினிக் தலையைக் குனிந்து, “எல்லாம் ஆண்டவர் குடுத்த மூக்கு, ஃபாதர்” என்றார்.

மதிலுக்கு இந்தப் பக்கம் பாகீரதி துவைத்த வேட்டியையே மறுபடி பிழிந்துகொண்டிருந்தாள்.

“சொல்லிடட்டுமா?” என்று கேத்தரின் அன்று சாயங்காலம் மதிலோரம் கேட்டாள். “நீ சரின்னா இப்பவே தெருவுல நின்னு கத்தறேன்.”

“ஐயோ, வேண்டாம், வேண்டாம்! மானம் போயிடும்.”

“சரி, சொல்லலை” என்று கேத்தரின் உள்ளே போய்விட்டாள்.

இத்தனை சீக்கிரம் அவள் ஒப்புக்கொண்டிருக்க வேண்டாம் என்று பாகீரதிக்கு இருந்தது. இன்னொரு தடவை கேட்டிருக்கலாம். சுவாமிக்கு விளக்கேற்றும்போதும் அதே எண்ணம். மானம் போயிடும் என்று சொன்னது அவள் வாய்தான். ஆனால் உள்ளே ஒருத்தி, தெருவில் நின்று கத்தட்டுமே, கத்தட்டுமே என்று குதித்துக்கொண்டிருந்தாள். அந்த ஒருத்தி இத்தனை நாள் எங்கே இருந்தாள்? என்ன சாப்பிட்டு உயிரோடு இருந்தாள்?

அந்த ஞாயிற்றுக்கிழமை வைத்தீஸ்வரனின் பழைய டானிக் முடிந்து புது பாட்டில் வந்தது. மத்தியானச் சாப்பாடு ஆயிற்று. வழக்கம்போல ஒரு வார்த்தை இல்லை. ஊஞ்சலில் உட்கார்ந்து அவுன்ஸ் கிளாஸை நிரப்பினார். பாகீரதி வெற்றிலைத் தட்டோடு கூடத்துத் தூணருகே நின்றாள். நிற்கவேண்டிய அவசியம் ஒன்றும் இல்லை.

கண்ணை மூடி அண்ணாந்து அரை அவுன்ஸை விட்டுக்கொண்டார். சுளிப்பதற்கு முகத்தைத் தயார் செய்தார். சுளிப்பு வரவில்லை. கண் திறந்தது. கிளாஸைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டு நாக்கை உள்ளே ஒரு சுற்றுச் சுற்றினார்.

“அடடா! டொமினிக் இந்தத் தடவை கலந்திருக்கான் பாரு... அமிர்தம்!”

வார்த்தை வந்துவிட்டது. கூடத்தில் தெளிவாக, இரண்டு பேரும் கேட்கும்படி. பாகீரதி அதை வாங்கிக்கொள்ள ஒரு கணம் ஆயிற்று. அந்தக் கணத்திலேயே, அது தன் பேருக்கு வரவில்லை என்பதும் உறைத்தது. விட்டுவிடலாம். இப்படியே தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விடலாம்.

“ஏன்னா, டானிக்கை டொமினிக் எதுக்குக் கலக்கணும்?” என்றாள்.

ஊஞ்சல் நின்றது.

“காம்பவுண்டர்” என்றார் வைத்தீஸ்வரன். “காம்பவுண்டர் பேரும் டொமினிக்தான்.”

“அவன் பேர் இளங்கோவன்.”

“இளங்கோவன் லீவு. இவன் புதுசு.”

“டொமினிக் கலக்கலை. அவருக்கு ஃப்ளூவுல மூக்குப் போயிடுத்து. அது நான் கலந்தது.”

வைத்தீஸ்வரன் அவளைப் பார்த்தார். அப்படிப் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. அவருக்கே கழுத்து பழக்கமில்லாமல் வலித்திருக்கும். முதலில் ஆபீஸ்தான் அவருக்கு அகப்பட்டது. “லைசென்ஸ் இல்லாம கலக்கறது குத்தம்.”

“லைசென்ஸ் இருக்கற கொட்டகையிலதான் கலந்தேன். நீங்க பார்த்துக் கையெழுத்துப் போட்ட லைசென்ஸ்.”

ஆபீஸ் கைவிட்டது. குரலைத் தாழ்த்திக்கொண்டு, “வாயில வெச்சியா?” என்று கேட்டார்.

இல்லை என்று சொன்னால் நம்பிவிடுவார். நம்புவதற்கு ஆசையாகக் காத்திருப்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. மூக்கால்தான் பார்த்தேன், நம்மாத்து வழக்கம்தான் என்று சொன்னால் போதும், எல்லாம் பழைய இடத்துக்குப் போய்விடும். அவளும் போய்விடுவாள்.

“வெச்சேன்” என்றாள். “முதல்ல நான்தான் வெச்சேன். அப்புறந்தான் ஊரே குடிச்சுது.”

கிளாஸில் அரை அவுன்ஸ் மிச்சமிருந்தது. வைத்தீஸ்வரன் அதை வெயிலில் தூக்கிப் பார்த்தார், அவள் விரல் உள்ளே தெரிகிறதா என்று பார்ப்பதுபோல. கொட்டிவிடுவார் என்று அவள் நினைத்தாள். முற்றம் பக்கத்திலேயே இருந்தது. கை முற்றத்தின் பக்கம் கொஞ்சம் போகவும் போயிற்று. பிறகு திரும்பி வந்தது. அண்ணாந்து, மிச்சத்தையும் விட்டுக்கொண்டார். இந்தத் தடவை சுளிக்க மறக்கவில்லை.

“துவர்ப்பு கொஞ்சம் தூக்கல்” என்றார்.

பாகீரதி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். டொமினிக் கலந்தபோது அமிர்தம். பெண்டாட்டி கலந்தது என்று தெரிந்ததும் துவர்ப்பு. இத்தனை வருஷமாகக் காத்திருந்த வார்த்தை வந்து, ஊஞ்சல் ஒரு தரம் ஆடுவதற்குள் திரும்பிப் போய்விட்டது. துக்கம் வரவேண்டும். அவள் அதற்கு இடம்கூட விட்டுப் பார்த்தாள். வந்தது சிரிப்புதான். வயிற்றிலிருந்து கிளம்பி, தோளைக் குலுக்கி, வெற்றிலைத் தட்டில் பாக்கு உருண்டு ஓடும் அளவுக்கு வந்தது.

“என்னடி சிரிப்பு?” வைத்தீஸ்வரனுக்குப் பயமாகக்கூட இருந்தது.

“ஒண்ணுமில்லை. நீங்க சொல்றது சரிதான். எனக்கென்ன தெரியும்? அடுத்த வருஷம் டொமினிக்கையே கலக்கச் சொல்லிடறேன்.”

“வேண்டாம், வேண்டாம்” என்றார் வைத்தீஸ்வரன். அவசரத்தில் ஊஞ்சலிலிருந்து எழுந்தேவிட்டார். எழுந்த பிறகு, எதற்கு எழுந்தோம் என்பதுபோல வேட்டியைச் சரிசெய்துகொண்டார். “மூக்குப் போனவன்னு நீதானே சொன்னே. வயித்து சமாச்சாரம்... நீயே பண்ணு.”

“பார்க்கலாம்” என்றாள் பாகீரதி. அவர் கை பாட்டிலை நோக்கி இன்னொரு தடவை நீளுவதைப் பார்த்து, மூடியை எடுத்து இறுக்கித் திருகினாள்.